தண்ணீர்ப் படுக்கையும் ஒரு ஹீட்டரும்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் 'வாட்டர் பெட்' என்று சொன்னால் 1980களின் படுக்கையறை ஒன்று நினைவுக்கு வரும். பெரிய மரச்சட்டம், உள்ளே கட்டில் நிறையத் தண்ணீர், புரண்டு படுத்தால் அலையடிக்கும். அதே வார்த்தையைப் பெங்களூரிலோ மதுரையிலோ சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன், வீட்டுல யாருக்கு முடியல?" என்று கேட்பார். பெயர் ஒன்றுதான். அங்கே அது சொகுசு, இங்கே மெடிக்கல் ஷாப் சமாசாரம்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் டிசம்பர், ஜனவரியில் ஒரு கேள்வி வரும். பெங்களூரில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாட்டர் பெட் வாங்கிப் போட்டிருப்பார்கள். ராத்திரியில் முதுகெல்லாம் ஜில்லென்று இருக்கிறது என்று அவர் சொல்வார். நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளை உடனே கூகிளில் தேடுவான். 'வாட்டர் பெட் ஹீட்டர்' என்று ஒரு பொருள் விற்பது கண்ணில் படும். "இங்கேயிருந்து ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா?" என்று போன் வரும். எங்கள் சொந்தத்திலேயே இப்படிக் கேட்டார்கள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்குப் பின்னால் சுமார் 190 வருடக் கதை இருக்கிறது. நான் படித்தது காமர்ஸ். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கணக்குப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. அதை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தண்ணீர்ப் படுக்கையை மருத்துவத்துக்குக் கொண்டு வந்தவர் நீல் ஆர்னாட் (1788-1874) என்ற ஸ்காட்லாந்து டாக்டர். இளம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் சர்ஜனாகச் சீனா வரை போய் வந்தவர். பிறகு லண்டனில் பிராக்டிஸ். 1832ல் இவர் செய்த படுக்கை ரொம்ப எளிமையானது. ஒரு தொட்டி, அதில் தண்ணீர், மேலே தண்ணீர் கசியாத ரப்பர் துணியைத் தொளதொளவென்று விரித்து ஓரங்களை இறுக்கிவிடுவது. அதன் மேல் மெல்லிய மெத்தை. நோயாளி தண்ணீரில் நனையாமல் மிதப்பார். இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

எதற்காக மிதக்க வேண்டும்? படுக்கைப் புண்ணுக்காக. நம் தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. 1930ல் லாண்டிஸ் என்ற ஆராய்ச்சியாளர் அளந்தபோது, தமனிப் பக்க முனையில் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுதான் இருந்தது. கட்டிலில் அசையாமல் படுத்திருப்பவருக்கு இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் உடம்பின் பாரம் அதைவிட அதிகமாக அழுத்தும். ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு புண்ணாகும். தண்ணீரில் மிதந்தால் அந்தப் பாரம் உடம்பின் அடிப்பக்கம் முழுவதும் பரவிவிடும். பாஸ்கல் விதியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். ஆர்னாட் இயற்பியல் பாடநூல் எழுதிப் பெயர் வாங்கியவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் கதை புரியும்.

ரப்பர் துணி அப்போது புதுச் சரக்கு. 1823ல் சார்ல்ஸ் மேக்கின்டாஷ் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸம்மாக்கள் நோயாளிக்கு அடியில் விரிக்கும் ரப்பர் ஷீட்டை 'மேக்கின்டாஷ்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மனிதரின் பெயர்தான் அது. தண்ணீர்ப் படுக்கையும் அந்த ஷீட்டும் ஒரே குடும்பம்.

இருபது வருடங்களில் இந்தப் படுக்கை இங்கிலாந்தில் வசதியான வீடுகளுக்குள் வந்துவிட்டது. எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'நார்த் அண்ட் சௌத்' நாவல் 1854-55ல் தொடராக வந்தது. அதில் நோயாளித் தாய்க்காக மகள் மார்கரெட் ஒரு மில் முதலாளி வீட்டுக்குத் தண்ணீர்ப் படுக்கையை இரவல் கேட்டுப் போகிறாள். மில் தொழிலாளர் கலவரத்தில் அவள் மாட்டிக்கொள்வது அந்தப் பயணத்தில்தான். இன்று நாம் எதிர்வீட்டில் "உங்க மாமியாருக்கு வாங்கினீங்களே, அந்த வாட்டர் பெட் சும்மாதானே இருக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறோம் இல்லையா, அதற்கு 170 வருட வயது!

சரி, சூட்டு விஷயத்துக்கு வருவோம். இலவம்பஞ்சு மெத்தை ஏன் கதகதப்பாக இருக்கிறது? பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்று சூட்டைக் கடத்தாது. தண்ணீர் அப்படியில்லை. காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றவே நிறைய வெப்பம் வேண்டும். தோலின் சூடு 33 டிகிரி அளவில் இருக்கும். கீழே 20 டிகிரி தண்ணீர் இருந்தால், வங்கி பாஷையில் சொல்வதானால், உடம்பு ராத்திரி முழுவதும் ஓவர்டிராஃப்டில் போய்க்கொண்டே இருக்கும். இளவட்டம் என்றால் எழுந்து போய்விடுவான். எழ முடியாதவர்தானே நம் படுக்கையில் இருக்கிறார்?

வேடிக்கை என்னவென்றால், ஆர்னாட் சூட்டுக் கலையிலும் கெட்டிக்காரர். அறையைச் சூடாக்கும் அடுப்புகளைப் பற்றி 1838ல் புத்தகமே எழுதினார். புகையில்லாக் கணப்பு ஒன்றைச் செய்து 1854ல் ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்ட் பதக்கமும் வாங்கினார். ஆனாலும் மின்சாரம் வீடுகளுக்கு வராத காலம். தானாகச் சூட்டை ஏற்றி இறக்கும் படுக்கைக்கு இன்னும் நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த யோசனையும் ஒரு நோயாளிக்குத்தான் வந்தது. ராபர்ட் ஹைன்லைன் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் காசநோயால் 1934ல் கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மனதுக்குள் ஒரு நல்ல படுக்கையை வடிவமைத்துப் பார்த்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். தண்ணீர் அளவைக் கூட்டிக் குறைக்கப் பம்ப், சூட்டைச் சீராக வைக்கத் தெர்மோஸ்டாட், ஷாக் அடிக்காமல் இருக்கப் பாதுகாப்பு, எல்லாம் அதில் உண்டு. 1961ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' நாவலில் அப்படிப்பட்ட படுக்கை வருகிறது. ஆனால் அவர் அதைச் செய்து பார்க்கவில்லை.

செய்தவர் சார்ல்ஸ் ஹால். 1968ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் டிசைன் படித்த மாணவர். முதலில் சோளமாவை நிரப்பி நாற்காலி செய்து பார்த்தார், சரிவரவில்லை. ஜெல்லியை நிரப்பினார், அதுவும் தேறவில்லை. கடைசியில் வினைல் பையில் தண்ணீர். 1971ல் காப்புரிமை கிடைத்தது. வினைல் ஷீட், அடியில் மின்சார ஹீட்டர், தெர்மோஸ்டாட் என்ற கூட்டணிதான் தண்ணீர்ப் படுக்கையை ஆரோக்கியமானவர்களின் படுக்கையறைக்குள் கொண்டு போனது. 1987 வாக்கில் அமெரிக்காவில் விற்ற மெத்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாட்டர் பெட். அப்புறம் கசிவு, பாரம், வீடு மாற்றும்போது படும் பாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து மோகம் வடிந்துவிட்டது.

இங்கேதான் கதை இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஹீட்டர் சொகுசுக் கிளைக்குப் போனது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பழைய ஆர்னாட் கிளை. சாதாரண மெத்தையின் மேல் விரிக்கிற, ரப்பர் அல்லது பி.வி.சி. பை. கொஞ்சம் தண்ணீர்தான் பிடிக்கும். ஹீட்டர் வைப்பதற்கென்று அது செய்யப்படவே இல்லை. ஒன்றின் உதிரி பாகத்தை இன்னொன்றுக்குப் போடலாம் என்று நினைப்பது, பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒருவர் செக்கை இன்னொருவர் கணக்கில் போடுகிற மாதிரி.

முதலில் சொகுசுப் படுக்கையின் ஹீட்டரைப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் சிலர் கட்டிலையே கொண்டு வர நினைப்பதால் இது பயன்படும். ஹீட்டர் என்பது ஒரு தட்டையான பட்டை. கசிவுத் தண்ணீரைப் பிடிக்கும் லைனர் ஷீட்டுக்கு அடியில், மரப்பலகை மேல் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். பொதுவாக 300 வாட் அளவில் இருக்கும். பெரிய கட்டில் 700 லிட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏற்ற சுமார் 8 யூனிட் மின்சாரம் வேண்டும். 300 வாட் ஹீட்டர் அதற்கு 27 மணி நேரம் எடுக்கும், அதுவும் நடுவில் சூடு வெளியே போகாமல் இருந்தால். அதனால்தான் இதை ராத்திரி போட்டுக் காலையில் நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாள் முழுவதும் இணைப்பில் இருக்கும், தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். படுக்கையைப் போர்வையால் மூடி வைத்தால் கரண்ட் பில் குறையும். தண்ணீர் நிரம்பாமல் ஸ்விட்ச் போடக் கூடாது. தண்ணீரை இறக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஹீட்டர் ஓடும் சர்க்யூட்டில் நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் கட் ஆகும் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும்.

இனி அந்த 'அனுப்பட்டுமா' கேள்வி. அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். சூடேற்றும் கம்பியின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 120 வோல்ட்டில் 300 வாட் எடுக்கும் பட்டையை இங்கே நேராகச் செருகினால் சுமார் 1100 வாட் எடுக்கப் பார்க்கும். மேலே பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் நகர முடியாத மனிதர். கற்பனை செய்யவே வேண்டாம். பாரக் கணக்கும் உண்டு. 5 அடிக்கு 7 அடி கட்டிலில் 700 கிலோ தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 215 கிலோ. நம் நாட்டு ஐ.எஸ். 875 விதிப்படி வீட்டு அறைத் தளத்துக்கு எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இன்ஜினியரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

நோயாளிப் படுக்கைக்கு வருவோம். சரியான வோல்டேஜில் ஹீட்டர் கிடைத்தாலும், ஹீட்டிங் பேடை அடியில் சொருகலாமா என்று யாராவது யோசனை சொன்னாலும், வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1947ல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, 44 டிகிரி சூடு ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தோல் வெந்துவிடும். 44 டிகிரி என்பது நாம் குளிக்கும் நல்ல வெந்நீர், அவ்வளவுதான். நமக்குச் சுட்டால் நகர்ந்துவிடுவோம். பக்கவாதம் வந்தவருக்கும், பல வருடச் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்கும் சுடுவதே தெரியாது. தெரிந்தாலும் நகர முடியாது. மேலும், அழுத்தத்தில் இருக்கும் தோலைச் சூடாக்கினால் அதற்குப் பிராணவாயுத் தேவை கூடும், வியர்த்து ஊறும், புண் சீக்கிரம் வரும். புண்ணைத் தடுக்க வாங்கிய படுக்கை, புண்ணை வரவழைக்கும்.

அப்படியென்றால் குளிருக்கு என்ன வழி? பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஜனவரி விடியற்காலையில் 15, 16 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். 1884 ஜனவரி 13ல் 7.8 டிகிரி வரை போயிருக்கிறது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வயதான காலத்தில் பிள்ளையோடு இருக்க வந்தவர்களுக்கு இது பெரிய குளிர்தான். இந்த ஊர் வெந்நீரை விட்டுக்கொடுக்காத ஊர். பழைய வீடுகளில் 'ஹண்டே' என்ற செப்புப் பாத்திரத்தை அடுப்போடு சேர்த்துக் கட்டி விறகால் சூடாக்கினார்கள், நம் வீட்டுத் தாமிர பாய்லரின் கன்னட அண்ணன். 1905ல் ஊருக்கு மின்சார விளக்கு வந்தது. பிற்பாடு 'ஆல் எலக்ட்ரிக் ஹோம்' என்ற பெயரில் விளக்குக்கு ஒரு மீட்டர், ஹீட்டிங்குக்கு ஒரு மீட்டர் என்று வீடுகளில் இருந்தது. 2007ல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்று ஆனது. யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் 50 ரூபாய் வரை என்று கரண்ட் பில்லில் தள்ளுபடியும் கொடுத்தார்கள். மொட்டை மாடிகளில் வரிசையாக நிற்கும் அந்த டேங்குகளைப் பார்க்காமல் பெங்களூரில் ஒரு தெருவைக் கடக்க முடியாது.

வாட்டர் பெட்டுக்கு ஹீட்டர் வேண்டுமென்றால், அது ஏற்கெனவே மாடியிலோ பாத்ரூமிலோ இருக்கிறது. பையை நிரப்பும்போதே வெதுவெதுப்பாக நிரப்புங்கள். 55 டிகிரி வெந்நீர் ஒரு பங்கு, 22 டிகிரி குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு, சராசரி 33 டிகிரி. பக்கெட்டில் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஊற்ற வேண்டும். வெந்நீரை நேராகப் பைக்குள் விடக் கூடாது. காற்றை வெளியேற்றிவிட்டு, நோயாளி படுத்த பிறகு இடுப்புக்கு நேர் கீழே பைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் தண்ணீர் போதாது. பைக்கு அடியில் மெத்தையோ கம்பளியோ இருந்தால் சூடு கீழே இறங்காது. மேலே ஒரு பருத்தி விரிப்பு போதும். குளிருகிறதே என்று மேலே ரஜாயை மடித்துப் போட்டால் மிதக்கும் பலன் போய்விடும். கதகதப்பை மேலே போர்த்தும் கம்பளியிலும், காலுறையிலும், சாத்திய ஜன்னலிலும் தேடுங்கள்.

இதிலும் ஓர் உண்மை உண்டு. நிரப்பிய சூடு நிரந்தரம் இல்லை. சில மணி நேரத்தில் தண்ணீர், அறையின் குளிருக்கும் உடம்பின் சூட்டுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும். அதுவும் தாங்காத அளவுக்கு மெலிந்தவர் என்றால் டாக்டரைக் கேட்டு ஏர் பெட்டுக்கு மாறிவிடுவது நல்லது. சின்னப் பம்ப் வைத்து, மாற்றி மாற்றிக் காற்று நிரம்பி இறங்கும் படுக்கை அது. காற்று உடம்புச் சூட்டைத் தண்ணீர் போல இழுக்காது. பாரமும் இல்லை. பம்ப் சத்தம் கொஞ்சம் இருக்கும், கரண்ட் போனால் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் பெங்களூரில் வாடகைக்கே கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பார்த்துவிடலாம்.

கடைசியாக இன்னொரு டாக்டர். லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து 1939ல் உயிர் தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர் என்றும் சொல்லலாம், ஆனால் அவர் வந்த காரணம் வேறு. 1944ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு அடிபட்ட போர் வீரர்களுக்கான பிரிவை அவரிடம் கொடுத்தார்கள். அதுவரை அப்படி அடிபட்டவர்களில் பலர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கொண்டு வந்த முக்கியமான வைத்தியம் எந்த மெத்தையும் அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி பகல் பார்க்காமல், நோயாளியைக் கையால் திருப்பிப் படுக்க வைப்பது. வாட்டர் பெட்டும் ஏர் பெட்டும் அந்த வேலைக்கு உதவி செய்யும், அதற்குப் பதிலாக நிற்காது.

நியூஜெர்சி, சிங்கப்பூர், துபாய் என்று தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். தூரத்திலிருந்து அனுப்புவதற்குப் பொருள்தான் சுலபம். பெட்டியில் போட்டு அனுப்பினால் நாமும் ஏதோ செய்தோம் என்று இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து, திருப்பிப் போட்டு, முதுகைத் தொட்டுப் பார்த்து, சிவந்திருக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா என்று கவனிப்பவர் ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். பெரும்பாலும் அது இன்னொரு வயதானவர், இல்லையென்றால் காலையில் வேலைக்குப் போகவேண்டிய அண்ணியோ தங்கையோ. ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு தெர்மாமீட்டரும் நல்ல கம்பளியும் வாங்கச் சொல்லுங்கள். மிச்சத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, குளிர் மாதங்களுக்காவது ராத்திரி டியூட்டிக்கு ஓர் அட்டெண்டர் வைக்க மாதாமாதம் அனுப்புங்கள். அந்தத் தங்கை ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்கட்டும்.